யாருடைய கதை அது? எல்டன் ஜான் – பெர்னி டாபின், 1975

வாசகர் கேள்வி, ஜூன் 1

'கேப்டன் ஃபென்டாஸ்டிக் அண்ட் தி பிரவுன் டர்ட் கௌபாய்' ஆல்பத்தை எல்டன் ஜானின் சுயசரிதை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பத்துப் பாட்டு இருக்கிறது. அதில் ஒரு வரிகூட எல்டன் எழுதியதில்லை, எல்லாம் பெர்னி டாபின். அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைப் பாடினால் அது சுயசரிதை ஆகுமா? கூலிக்கு எழுதிய வாழ்க்கை வரலாறு என்று சொன்னால் என்ன தப்பு?

ஜூன் 1, இரவு 11.20

'கூலிக்கு' என்ற சொல்தான் தப்பு. அதைப் படித்துவிட்டுப் படுக்க மனம் வரவில்லை.

1967-இல் லண்டனில் லிபர்டி ரெக்கார்ட்ஸ், பாட்டெழுத ஆள் வேண்டும் என்று 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. லண்டன் புறநகரில் வளர்ந்த ரெஜ் டுவைட் போய் நின்றார். அவருக்கு மெட்டு வரும், வார்த்தை வராது. லிங்கன்ஷயர் கிராமத்திலிருந்து பெர்னி எழுதிப் போட்டார். அவருக்கு வார்த்தை வரும், மெட்டு வராது. கம்பெனி இரண்டு பேரையும் எடுக்கவில்லை. ஆனால் அங்கே வேலை பார்த்த ரே வில்லியம்ஸ், பெர்னியின் வரிகள் இருந்த உறையை ரெஜ் கையில் கொடுத்து அனுப்பினார். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே வரிகளுக்கு மெட்டுப் போட ஆரம்பித்துவிட்டார் ரெஜ். அவர்தான் பிறகு எல்டன் ஜான். அப்போது அவருக்கு வயது 20, பெர்னிக்கு 17.

கொஞ்ச நாளில் எல்டனின் அம்மா வீட்டில் ஒரே அறையில், மேலும் கீழுமாக அடுக்கிய கட்டிலில் இருவரும் படுத்துக் கிடந்தார்கள். ஒருவன் எத்தனை மணிக்குத் தூங்கினான், எதற்கு அழுதான் என்பது மற்றவனுக்குத் தெரியும். அப்படி ஒருவன் எழுதியதைக் கூலி எழுத்து என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 1, இரவு 11.50

ஒன்று விட்டுவிட்டேன். நம் ஊரில் பெரும்பாலும் மெட்டுக்குத்தான் பாட்டு. இசையமைப்பாளர் தத்தகாரம் பாடிக் காட்டுவார், கவிஞர் அந்த அளவுக்குள் சொல்லை உட்கார வைப்பார். இவர்களுக்கு அது தலைகீழ். பெர்னி தனியாக உட்கார்ந்து எழுதித் தாளைக் கொடுத்துவிடுவார். எல்டன் அதைப் பியானோ மேல் வைத்துக்கொண்டு மெட்டுப் போடுவார். அந்த நேரத்தில் பெர்னி அறையில் இருக்க மாட்டார். அதனால் எல்டன் பாடும் ஒவ்வொரு 'நான்' என்ற சொல்லும் முதலில் பெர்னியின் கையால் எழுதப்பட்டது. உங்கள் கேள்வி இங்கேதான் வலுவாகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 3, காலை

ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு 'சம்வன் சேவ்ட் மை லைஃப் டுநைட்'. என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1968-இல் எல்டனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஹைபரி பக்கம் ஒரு ஃப்ளாட்டில் அவர், அந்தப் பெண், பெர்னி மூவரும் குடியிருந்தார்கள். அவருக்கு அந்தக் கல்யாணத்தில் மனமில்லை, சொல்லவும் தைரியமில்லை. ஒருநாள் சமையலறையில் உயிரை விடத் துணிந்தார். பெர்னி பார்த்து இழுத்துக் காப்பாற்றினார். காப்பாற்றியவனே அந்த இரவைப் பாட்டாக எழுதி, காப்பாற்றப்பட்டவன் வாயில் கொடுத்திருக்கிறான்.

அன்றைக்கு ஜன்னல் திறந்திருந்தது என்பதைச் சொல்லி இந்தச் சம்பவத்தை ஒரு வேடிக்கைக் கதையாக்கிவிட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவன் அப்படிப் படுத்தால், யாராவது வரமாட்டார்களா என்று அவன் காத்திருக்கிறான் என்று அர்த்தம். எனக்கு அதில் சிரிப்பு வந்ததே இல்லை.

ஜூன் 4, மாலை

நேற்று எழுதியதில் ஒரு பெரிய பிழை. நானே திருத்துகிறேன்.

பாட்டில் வரும் அந்த 'யாரோ ஒருவர்' பெர்னி இல்லை. லாங் ஜான் பால்ட்ரி என்ற ப்ளூஸ் பாடகர். சமையலறைச் சம்பவம் வேறு, பாட்டு சொல்லும் இரவு வேறு. இரண்டும் அந்த நிச்சயதார்த்தக் காலத்தில், அந்த வீட்டில் இருந்தபோது நடந்தவை. அதனால் நான் ஒன்றாக்கிவிட்டேன். கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது எல்டன், பெர்னி, பால்ட்ரி மூவரும் வெளியே போயிருக்கிறார்கள். இந்தக் கல்யாணம் வேண்டாம், உன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று பால்ட்ரி முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் வீட்டுக்குப் போய் எல்டன் அதை முறித்துக்கொண்டார். அம்மாவின் துணைவர் வண்டி எடுத்து வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்.

பாட்டில் 'ஷுகர் பேர்' என்று ஒரு செல்லப்பெயர் வரும். பால்ட்ரியைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். என்னிடம் இருந்தது துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த கேசட். அதில் பாட்டு வரிகள் அச்சடித்த தாள் கிடையாது. அதனால் அது பெர்னியைக் கொஞ்சும் பெயர் என்று பல வருடம் நம்பியிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பால்ட்ரியின் பின்னணிக் குழுவாக இருந்த புளூசாலஜியில் கீபோர்டு வாசித்தவர்தான் ரெஜ். அங்கே சாக்ஸபோன் வாசித்த எல்டன் டீனிடமிருந்து 'எல்டன்', பால்ட்ரியிடமிருந்து 'ஜான்'. காப்பாற்றியவரின் பெயரைத்தான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறார்.

ஜூன் 4, இரவு

மாலையில் எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். பிழை தெரிந்த பிறகு என் வாதம் உடையும் என்று நினைத்தேன். உடையவில்லை, வேறு பக்கம் திரும்புகிறது. அந்த இரவில் பெர்னி காப்பாற்றியவர் இல்லை, காப்பாற்றப்பட்டவரும் இல்லை. கூட இருந்து பார்த்தவர். பார்த்த ஆள் ஆறு வருடம் கழித்து, பட்டவனின் 'நான்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு எழுதுகிறார். பட்டவன் தாளை வாங்கிப் படித்துவிட்டு, இது என் கதைதான் என்று மெட்டுப் போடுகிறான். இதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று பாருங்கள்.

ஜூன் 7

ஒலிப்பதிவுக் கதை ஒன்று. கொலராடோ மலைமேல் கரிபூ ராஞ்ச், 1974. தயாரிப்பாளர் கஸ் டட்ஜன், எல்டன் இந்தப் பாட்டைப் பாடும்போது இன்னும் நன்றாகப் பாடு, இன்னும் உயிரோடு பாடு என்று விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கித்தார் வாசிக்கும் டேவி ஜான்ஸ்டன் அவர் காதில், எல்டன் தன் உயிரை விடப்போன கதையைப் பாடிக்கொண்டிருக்கிறார், உங்களுக்குத் தெரியுமா என்று சொன்ன பிறகுதான் டட்ஜனுக்கு விஷயமே புரிந்தது. அவர் கூனிக்குறுகிப் போனாராம்.

இதைப் படித்த பிறகு அந்தக் குரலைக் கேட்டால் கொஞ்சம் அடக்கி வைத்திருப்பது தெரியும். எனக்கு அந்த அடக்கம்தான் பிடிக்கும். ஏறக்குறைய ஏழு நிமிடப் பாட்டு. ரேடியோவுக்காக வெட்டச் சொன்னபோது எல்டன் மறுத்துவிட்டார். வெட்டாமலே அமெரிக்காவில் நான்காம் இடத்துக்குப் போனது.

கேசட்டில் ஏ பக்கம் இதோடு முடியும். பாட்டு முடிந்து 'ஸ்ஸ்ஸ்' என்று வெறும் டேப் ஓடும். பட்டன் தானாக எகிறும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

ஜூன் 10, நள்ளிரவு தாண்டி

என் சொந்தக் கதை ஒன்று. கேள்விக்குச் சம்பந்தம் உண்டு, அதனால் சொல்கிறேன்.

திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு. என் நண்பன் ஒருவன் பாட்டு எழுதுவான். இரண்டு பேரும் சினிமாவில் நுழையலாம் என்று திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று வருடம் இருந்தோம். ஒரு அறையில் நான்கு பேர், எங்கள் இருவருக்கும் ஒரு பாய். ஒரு ஒலிப்பதிவுக்கூடத்துக்காரர் பக்திப் பாட்டு கேட்டார், கொடுத்தோம். கட்சிப் பாட்டு கேட்டார், கொடுத்தோம். பேசிய பணம் வரவில்லை. அந்த ஆல்பத்தின் மூன்றாவது பாட்டான 'பிட்டர் ஃபிங்கர்ஸ்' அதே நிலைமைதான். யார் யாரோ வந்து, எனக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு சந்தோஷப் பாட்டு போடு என்பார்கள். விரல் வேலை செய்யும், மனசு கசக்கும். டிக் ஜேம்ஸ் மியூசிக் கம்பெனியில் வாரச் சம்பளத்துக்கு அவர்கள் இருவரும் அப்படிப் பாட்டுத் தயாரித்துக்கொண்டிருந்த காலத்தைப் பற்றியது.

எங்கள் மூன்றாவது வருடத்தில் அப்பா போய்விட்டார். கருமாதிக்கு நண்பன் ஊருக்கு வந்திருந்தான். இரண்டு மாதம் கழித்து மேன்ஷனில் ஒரு தாளை நீட்டினான். "மாப்ளே, திட்டாத. புடிக்கலன்னா கிழிச்சுப் போட்டுரு" என்றான். திண்ணைச் சுவரில் சாய்த்து வைத்த அப்பாவின் சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தான். வருகிறவர்கள் எல்லோரும் அதன் மணியைத் தொட்டுவிட்டுப் போவதும், அதை எடுத்து ஓட்டவோ உள்ளே வைக்கவோ என் கை போகாததும் அதில் இருந்தது. எல்லாம் 'நான்' என்றே எழுதியிருந்தான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்படி ஒன்று எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. அவன் பந்தலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

அன்று ராத்திரியே மெட்டுப் போட்டேன். அந்தப் பாட்டு யாருடையது என்று என்னைக் கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வரி அவனுடையது, அப்பா என்னுடையவர்.

ஜூன் 11

நேற்று எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

நண்பன் நன்றாக இருக்கிறான். இப்போது அச்சகம் வைத்திருக்கிறான். தனியே விசாரித்தவர்களுக்கு இதுவே பதில்.

ஜூன் 13

இந்தப் பாட்டுகளின் மெட்டுகள் கடலில் பிறந்தவை. 1974 கோடையில் எல்டன் சௌதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு 'எஸ்.எஸ். பிரான்ஸ்' கப்பலில் போனார். பெர்னியின் தாள்களைக் கூடவே எடுத்துப் போயிருந்தார். கப்பலின் இசையறைப் பியானோவை வேறொருவர் பயிற்சிக்கென்று முன்பே பிடித்து வைத்திருந்தார். அவர் சாப்பிடப் போகும் இடைவேளையில்தான் எல்டனுக்குப் பியானோ கிடைத்தது. அந்த இடுக்கு நேரங்களில், ஆல்பத்தில் வரும் அதே வரிசையில் பாட்டுகளைப் போட்டிருக்கிறார்.

உலகத்திலேயே அதிகமாக விற்கும் பாடகர்களில் ஒருவர் ஒரு பியானோவுக்காக மத்தியானம் வரை காத்துக் கிடக்கிறார். போடுவதோ, ஒன்றும் இல்லாமல் திண்டாடிய காலத்தின் பாட்டுகள். எழுதிய நிலைமையும் எழுதிய விஷயமும் இப்படி ஒட்டிக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதே வருடம் அந்தக் கப்பலையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 16

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: ராக் ஸ்டார் சுயசரிதை என்றால் புகழ், போதை, விமானம் எல்லாம் எங்கே?

ஒன்றும் இல்லை. கதை ஏறக்குறைய 1967-இல் தொடங்கி 1969-இல், முதல் ஆல்பம் வரும் வாசலில் நின்றுவிடுகிறது. 1970 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ட்ரூபடோர் அரங்கில் ஒரே ராத்திரியில் பெயர் பரவியதே, அதுகூட இல்லை. இருப்பதெல்லாம் சில்லறைக் காசு, ராத்திரி சாப்பாட்டுக் கடை, ஊருக்குப் போகும் ரயில். 'டெல் மீ வென் தி விஸில் ப்ளோஸ்' அந்த ரயில் பாட்டுதான். லண்டனில் ஒட்டாமல் லிங்கன்ஷயருக்கு ஏங்கும் பையன். இது முழுக்க பெர்னியின் கதை. எல்டன் லண்டன்காரர், அவருக்கு அந்த ரயில் தேவையே இல்லை. ஆனாலும் அவர்தான் 'நான்' என்று பாடுகிறார். ஜீன் பேஜ் அமைத்த வயலின்கள் அந்த ஏக்கத்தை அமெரிக்க சோல் பாட்டு மாதிரி ஆக்கிவிடுகின்றன.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் எல்டன் கதையைப் பெர்னி எழுதியதை மட்டும் கணக்கில் எடுத்தீர்கள். பெர்னி கதையை எல்டன் பாடியதையும் எடுக்க வேண்டும். தலைப்பிலேயே இரண்டு பேர். கேப்டன் எல்டன், கௌபாய் பெர்னி.

ஜூன் 17

ஆனால் அட்டையைப் பாருங்கள். ஆலன் ஆல்ட்ரிட்ஜ் வரைந்தது. விநோத ஜந்துக்கள் நெருக்கியடிக்கும், ஹியரோனிமஸ் பாஷ் ஓவியத்தை நினைவுபடுத்தும் படம். முன்பக்கம் முழுவதும் எல்டன், பியானோவோடு. பெர்னியைப் பார்க்க வேண்டுமானால் உறையைத் திருப்ப வேண்டும். கடையில் எடுத்துப் பார்ப்பவன் கண்ணுக்குப் படுவது ஒருவர்தான். 'எல்டனின் சுயசரிதை' என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று படுகிறது. கேள்வி கேட்டவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

பழைய எல்.பி. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தது பத்து வருடம் முன்புதான். உள்ளே பாட்டு வரிகளுக்கு ஒரு குட்டிப் புத்தகமும், பழைய படங்கள், துண்டுச் செய்திகளோடு இன்னொன்றும் இருந்தன. இரண்டு சிறுவர்கள் டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்த மாதிரி.

ஜூன் 21

இன்றைய தேதிக்கு ஒரு கதை உண்டு. 1975 ஜூன் 21, லண்டன் வெம்ப்ளி மைதானம். அந்த மாதம்தான் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் இந்த ஆல்பம் நுழைந்த வாரமே முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. அதற்கு முன் எந்த ஆல்பமும் அப்படி நுழைந்ததில்லை. அந்தத் தெம்பில் எல்டன் முழு ஆல்பத்தையும் வரிசையாக வாசித்தார். கூட்டத்தில் பலருக்கு அந்தப் பாட்டுகள் இன்னும் பழகவில்லை. முன்னால் பீச் பாய்ஸ் வந்து கோடை முழுக்கக் கேட்ட ஹிட்டுகளாகப் பாடி மைதானத்தை ஆடவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்டன் வாசிக்க வாசிக்க ஜனம் எழுந்து போய்க்கொண்டே இருந்தது.

எனக்கு இதில் வருத்தம் வேறொன்று. இந்த ஆல்பத்தில் வாசித்த டீ மர்ரியையும் நைஜல் ஆல்சனையும், ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே எல்டன் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். நட்பைப் பற்றிய ஆல்பம் அது. நைஜலின் டிரம்ஸ் இல்லாமல் அந்த ஏ பக்கக் கடைசிப் பாட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது. இந்த விஷயத்தில் எல்டன் மேல் எனக்குக் கோபம் உண்டு.

பின்குறிப்பு, அதே இரவு: வெம்ப்ளியில் புதிதாக வாசித்தவர்களில் கித்தார் கேலப் க்வே, டிரம்ஸ் ரோஜர் போப். இருவரும் 1969-இல் வந்த முதல் ஆல்பம் 'எம்ப்டி ஸ்கை'யில் வாசித்தவர்கள். டிக் ஜேம்ஸ் காலத்திலேயே கூட இருந்தவர்கள். பாட்டில் வரும் நாட்களை நேரில் கண்டவர்களே மேடையில் நின்றார்கள். கோபம் தீரவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

ஜூன் 24

பி பக்கத்தைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. 'மீல் டிக்கெட்' சத்தமான பாட்டு, நன்றாக இருக்கும், எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. 'ரைட்டிங்' வேறு. இரண்டு பேர் சேர்ந்து எழுதும் சந்தோஷத்தை மட்டும் பாடுகிற, வெயில் விழுந்த மாதிரி ஒரு சின்னப் பாட்டு. இன்று போட்டது நாளைக்கும் நிற்குமா என்ற கவலையைக்கூடச் சிரித்துக்கொண்டே கேட்கும்.

பிறகு 'வி ஆல் ஃபால் இன் லவ் சம்டைம்ஸ்'. இது காதலிக்குப் பாடியதா என்று இங்கே ஒருவர் கேட்டார். இல்லை. இது பெர்னிக்கும் தனக்குமானது என்று எல்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடம்பு சம்பந்தப்படாத, தனக்குக் கிடைக்காத சகோதரன் கிடைத்துவிட்ட அன்பு. நம் மொழியில் அதற்குச் சிநேகிதம் என்ற சொல் போதும் என்று நினைக்கிறேன். தன்னை ஒருவர் நேசித்ததை, அவர் வாயாலேயே பாடவேண்டிய பாட்டாக எழுதிக் கொடுத்திருக்கிறார் பெர்னி. என் நண்பன் சைக்கிள் பாட்டைக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது ஏன் என்று இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் எனக்குப் புரிந்தது.

ஜூன் 25

கேள்வி கேட்டவர் ஒரு வரியில், "அப்படியானால் அவர்கள் பிரிந்தது எப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

சண்டையில்லை. 1976-இல் 'ப்ளூ மூவ்ஸ்' வந்த பிறகு இருவரும் சிறிது காலம் வேறு வேறு ஆட்களோடு வேலை செய்தார்கள். 1978-இல் வந்த 'எ சிங்கிள் மேன்' ஆல்பத்துக்கு வரிகள் கேரி ஆஸ்போர்ன். 1983-இல் 'டூ லோ ஃபார் ஸீரோ'வில் மறுபடி முழுவதும் பெர்னி. 2006-இல் 'தி கேப்டன் அண்ட் தி கிட்' என்று விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்கள். அதன் அட்டையில் எல்டன் பியானோவில், பெர்னி குதிரை மேல், இருவரும் ஒரே படத்தில். ஜூன் 17 குறிப்பில் நான் ஆதங்கப்பட்டதற்கு முப்பத்தொரு வருடம் கழித்து வந்த பதில் அது.

ஜூன் 28

கடைசிப் பாட்டு 'கர்ட்டன்ஸ்'. அதில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை வரும். கேசட் காலத்தில் கிராமத்து நினைவு என்று கடந்துபோனேன். இவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் பாட்டுகளில் ஒன்றின் பெயரே 'ஸ்கேர்குரோ'. அதைத்தான் பெர்னி குறிப்பிடுகிறார். அந்தப் பழைய டெமோ 2020-இல் 'ஜுவல் பாக்ஸ்' தொகுப்பில்தான் வெளியே வந்தது. பியானோவும் ஒரு கஞ்சிராத் தட்டலும் மாதிரி, மெலிந்த ஒலிப்பதிவு. குரல் இன்னும் எல்டன் ஜான் ஆகவில்லை. மூன்று முறை கேட்டேன்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் முதலில் அந்த டெமோவைக் கேளுங்கள். பிறகு ஆல்பத்தின் ஒன்பதாவது பாட்டைப் போடுங்கள். அது நிற்காமல் பத்தாவதுக்குள் ஓடிவிடும், நடுவில் வெட்டு கிடையாது. போனில் கேட்டால் ஷஃபிளை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சரியாக அந்த இணைப்பில் அறுந்துவிடும். இரண்டும் சேர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் போகும். கடைசியில் வார்த்தையே இல்லாமல் குரல்கள் மட்டும் சுற்றிச் சுற்றி வரும், முழுதும் தேயும் வரை விடுங்கள்.